நாற்பதாம் எண்

ஆட்டுக்கு வாலை
அளந்துதான் வைத்தான் என்பார்கள்.
காரூவில் அதையும்
மூன்றாம் வாரத்திலேயே நறுக்கிவிடுகிறார்கள்.
மீதியை அளப்பது என் வேலை.

பத்தொன்பது பண்ணைகள்,
அறுபத்து மூன்று மெரினோக் கிடாக்கள்,
ஒரே வேலிக்குள்.
யார் வீட்டுப் பிள்ளை என்று காது சொல்லாது,
மஞ்சள் பிளாஸ்டிக்கில் எண் மட்டும்.
ஒரே கரட்டுப் புதர், காற்றாலை இறைக்கும்
ஒரே உவர்த்தண்ணீர்.
நூற்று நாற்பது நாள்.
முதல் மூன்று வாரம் கணக்கில் வராது:
தாய்ப்பால் தந்த கொழுப்பும்
முதலாளி ஊட்டிய மக்காச்சோளமும்
அதற்குள் வடிந்துவிட வேண்டும்.

ஸோலிசா கூண்டுக்குள் தள்ளுவான், நான் வாசிப்பேன்.
முள் நடுங்கி நிற்கும்வரை
இருவரும் மூச்சுவிட மாட்டோம்,
அதையும் சேர்த்து நிறுத்துவிடும் என்பதுபோல.
ரோமத்தை விரலால் பிளந்தால்
மேலே புழுதி, உள்ளே வெண்ணெய்.
பதினெட்டு மைக்ரான்.
கீழிமையைப் புரட்டி, புழு எவ்வளவு குடித்திருக்கிறது
என்று சிவப்பைப் பார்ப்பேன்.
விதைப்பையைச் சுற்றி நாடா:
முப்பத்தாறு சென்டிமீட்டர் என்று நான் உரக்கச் சொல்ல
ஒவ்வொரு தடவையும் ஸோலிசா
மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பான்.

மழை வந்தது, ஒன்பதாவது வாரம்.
வறண்டே கிடந்த ஓடை
இரவோடு இரவாக வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
காலையில் அறுபத்திரண்டு.
அக்கரையில், எல்ஸாபே வீட்டுப்
பெட்டை ஆடுகள் இருநூற்றுக்கு நடுவே
நாற்பது.
எப்படி நீந்தியது, தெரியாது.
தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆனது.
ஐந்து நாளும் நாங்கள் இக்கரையில் நின்று
பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம்.
அது தலைதூக்கி எங்களைப் பார்க்கக்கூட இல்லை.
மேயவும் இல்லை.

திரும்பியபோது ஏழு கிலோ குறைவு.
காரணம் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
குறைந்தது குறைந்ததுதான்.

கடைசி நிறுவை, ஜூன், தரையெல்லாம் உறைபனி.
சராசரி நூறு என்றால்
பதினேழு, நூற்று இருபத்தொன்று.
ஹென்ட்ரீனா ஸ்னேமனின் கிடா.
கொம்பு இரண்டு சுற்று சுற்றி
முகத்தைச் சட்டமிட்டிருக்கும்.
அவர் வங்கிக்கடன் முழுதும்
அந்த நான்கு கால்களில் நின்றது என்று
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
மருத்துவர் கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்தார்.
நல்ல துளி என்றால் உள்ளே அலையடிக்கும்,
காற்றில் கோதுமை வயல் புரள்வதுபோல.
அவர் வெகுநேரம் குனிந்திருந்தார்.
என்னைப் பார்க்கச் சொன்னார்.
வெளிச்சம் இருந்தது. வேறொன்றும் இல்லை.
மறுநாளும் எடுத்தோம். அதற்கு மறுநாளும்.
"கண்ணாடியைத் துடையுங்கள்" என்றார் ஹென்ட்ரீனா.
துடைத்தேன்.
கையிலிருந்த சாவிக்கொத்தை
ஒவ்வொரு சாவியாக எண்ணிக்கொண்டே
காருக்குப் போனார்.

நாற்பதுக்கு எண்பத்தெட்டு.
தொண்ணூறுக்குக் கீழ் என்றால் பொலிகிடா இல்லை, கறி.
என் கையால்தான் கோடு போட்டேன்,
அளவுகோல் வைத்து, சிவப்பில்.

ஆகஸ்டில் எல்ஸாபே தொலைபேசினார்.
திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று
மன்னிப்பை நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.
"முப்பத்தொரு பெட்டைகள் ஈன்றிருக்கின்றன," என்றார்,
"நாற்பத்தாறு குட்டி.
நேற்றைய பனியில் ஒன்றுகூடச் சாகவில்லை.
ஈரம் உலரும் முன்பே எழுந்து நிற்கின்றன.
என்ன எண் அது?
யாரிடம் கேட்டால் கிடைக்கும்?"

புத்தகம் திறந்தே இருந்தது.
நாற்பது. எண்பத்தெட்டு. சிவப்புக் கோடு.
பக்கத்தில் என் கையெழுத்து.

ஏலத்தன்று மதியம்
மூன்றுகால் இரும்புச் சட்டியில்
ஸோலிசா நெடுநேரம் வேகவைத்தான்.
கிடாக்கறி, கொஞ்சம் நாறு.
எல்ஸாபே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.
நானும்தான்.

"ஹலோ," என்றார், "இருக்கிறாயா?"
அந்தப் பக்கம், போனுக்கு மிக அருகில்,
ஏதோ ஒன்று கத்தியது.
இன்னும் யாரும் எண் போடாத
ஒரு குரல்.